கருப்பைக் கட்டியை எடுத்த பின் மாதவிலக்கு வருமா?

"வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்" என்று அத்தையைப் பற்றியோ சித்தியைப் பற்றியோ வீட்டுப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கட்டி எங்கே இருந்தது, எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதை எவரும் விளக்குவதில்லை. இதனால் தேவையற்ற அச்சமும் தவறான நம்பிக்கைகளும் வளர்கின்றன. கருப்பைக் கட்டி என்பது என்ன, அதை அகற்றிய பின் மாதவிலக்கு எவ்வாறு மாறுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கருப்பையின் மூன்று அடுக்குகள்

கருப்பை தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் வடிவமுள்ள ஒரு தசைப்பை. நீளம் ஏறத்தாழ 7.5 செ.மீ., அகலம் 5 செ.மீ. இதன் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே மெல்லிய உறை. நடுவில் தடித்த தசையடுக்கு. உள்ளே மென்மையான உட்படலம்.

மாதந்தோறும் வளர்வதும் உதிர்வதும் இந்த உட்படலமே. ஆனால் அதை வளரச் சொல்லும் கட்டளை கருப்பையில் பிறப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருப்பையின் இருபுறமும் உள்ள சூலகங்களைத் தூண்டுகிறது. சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவற்றின் அளவு ஏறும்போது உட்படலம் வளர்கிறது. கருத்தரிக்காத மாதத்தில் அவை குறைய, உட்படலம் இரத்தத்துடன் உதிர்கிறது. கடிகாரம் சூலகத்தில் இருக்கிறது, மணி ஒலிப்பது கருப்பையில் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இக்கட்டுரையின் பிற்பகுதியைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

நார்க்கட்டி எவ்வாறு தோன்றுகிறது?

நடு அடுக்கிலுள்ள ஒரே ஒரு தசைச் செல் கட்டுப்பாடு தவறிப் பெருகத் தொடங்குவதால் நார்க்கட்டி உண்டாகிறது. பெரும்பாலான நார்க்கட்டிகளில் 'மெட் 12' என்னும் ஜீனில் மாறுதல் இருப்பதை 2011-இல் அறிவியலார் கண்டறிந்தனர். இக்கட்டி புற்றுநோய் அன்று. உருண்டையாக, கெட்டியாக, ரப்பர் பந்து போல இருக்கும். மிளகு அளவிலும் இருக்கலாம். தேங்காய் அளவுக்கும் வளரலாம். ஒன்றாகவும் இருக்கும், பலவாகவும் இருக்கும்.

சூலக ஹார்மோன்களே இதற்கும் உரம். ஆகவேதான் பூப்படையாத சிறுமியரிடம் இது காணப்படுவதில்லை. மாதவிலக்கு நின்ற பின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. நார்க்கட்டி உள்ள பெண்கள் பலருக்கு எந்தத் தொல்லையும் இராது. அவர்களுக்குச் சிகிச்சையும் தேவைப்படாது.

இரத்தப்போக்கு ஏன் மிகுகிறது?

கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடமே முக்கியம். வெளியுறையை நோக்கி வளரும் கட்டியால் இரத்தப்போக்கு அதிகம் மாறுவதில்லை. உட்படலத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே புடைக்கும் கட்டி சிறியதாயினும் பெருந்தொல்லை தரும். இதற்குக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, பரப்பு. தட்டையான வட்டத்தின் பரப்பு பை ஆர் வர்க்கம். அதே வட்டம் அரைக்கோளமாகப் புடைத்தால் பரப்பு இரண்டு பை ஆர் வர்க்கம். அதாவது, அவ்விடத்தில் உதிரவேண்டிய உட்படலம் இருமடங்காகிறது.

இரண்டாவது, தசையின் இறுக்கம். உட்படலம் உதிர்ந்ததும் கருப்பைத் தசை சுருங்கி, இரத்தக் குழாய்களை நெரித்து ஒழுக்கைக் குறைக்கிறது. இடையே கெட்டியான உருண்டை இருந்தால் தசை சரிவரச் சுருங்க இயலாது. மேலும், கட்டியைச் சூழ்ந்த சிரைகள் அழுத்தப்பட்டு வீங்குகின்றன.

இரும்புச் சத்தின் வரவு செலவு

ஒரு மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மி.லி. இரத்தம் வெளியேறும். 80 மி.லி.க்கு மேற்பட்டால் அது மிகைப்போக்கு. ஏன் 80 என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒரு மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. 80 மி.லி. போனால் 40 மி.கி. இழப்பு. 28 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.4 மி.கி. தோல், குடல் வழியாக ஒவ்வொரு நாளும் போகும் 1 மி.கி.யையும் சேர்த்தால் செலவு 2.4 மி.கி. நமது குடல் உணவிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சும் இரும்போ 1 முதல் 2 மி.கி. மட்டுமே. வரவைச் செலவு மிஞ்சுகிறது. முதலில் சேமிப்பு கரைகிறது, பிறகு ஹீமோகுளோபின் குறைகிறது, இரத்தசோகை தோன்றுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், ஓயாத களைப்பு, முகம் வெளுத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். "வயதாகிவிட்டது" என்று அம்மா சொல்லும் களைப்புக்குப் பின்னால் இக்கணக்கு ஒளிந்திருக்கக்கூடும்.

எதை எடுக்கிறார்கள்?

மூன்று அறுவைகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். கட்டியை மட்டும் எடுத்தால், கருப்பையும் மாதவிலக்கும் இருக்கும். கருப்பையை எடுத்தால் மாதவிலக்கு வராது. ஆனால் சூலகங்களை விட்டுவைத்திருந்தால் ஹார்மோன் சுரப்பு தொடரும். சூலகங்கள் இரண்டையும் எடுத்தால் சுரப்பே நின்றுவிடும்.

கட்டியை மட்டும் எடுப்பது எளிதாகக் கைவந்த வித்தை அன்று. கருப்பைச் சுவரைக் கீறினால் இரத்தம் பெருகும். அதனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மருத்துவர்கள் கருப்பை முழுவதையும் அகற்றுவதையே விரும்பினர். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் பானி (1872–1953) இதை ஏற்கவில்லை. அவருடைய மனைவிக்கே நார்க்கட்டிகளுக்காகக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. கருப்பைக்குக் குருதி கொண்டுவரும் தமனிகளை அறுவையின்போது மட்டும் அழுத்திப் பிடிக்கும் ஓர் இடுக்கியை அவர் உருவாக்கினார். குழாயை மூடிவிட்டு நீர்த்தொட்டியைப் பழுது பார்ப்பது போன்ற முறை இது. கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழிகளை அடுக்கடுக்காகத் தைத்தார். ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்து, அக்கருப்பையைக் காப்பாற்றியதும் உண்டு. எழுநூறுக்கும் மேற்பட்ட அறுவைகளில் உயிரிழப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆன்டிபயாடிக் மருந்துகள் பரவாத காலத்தில் இது அரிய சாதனை.

இன்று வயிற்றைத் திறந்தும், சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பைச் செலுத்தியும், உட்புறம் புடைத்த கட்டியாயின் வயிற்றைக் கீறாமல் கருப்பை வாய் வழியாகவும் கட்டியை எடுக்கின்றனர்.

அறுவைக்குப் பின் வரும் மாதவிலக்கு

அறுவை முடிந்த சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம் வரை, சிறிது இரத்தக் கசிவு இருக்கும். இது மாதவிலக்கு அன்று. ஆறும் புண்ணின் கசிவு.

உண்மையான மாதவிலக்கு பெரும்பாலோர்க்கு 4 முதல் 6 வாரத்தில் வரும். சிலருக்கு முன்பின்னாகலாம். ஏன்? சூல் வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை உள்ள காலம் பொதுவாக 14 நாட்களை ஒட்டியிருக்கும். சூல் வெளியேறிய பின் அறுவை நடந்தால் மாதவிலக்கு ஏறத்தாழ வழக்கமான நாளிலேயே வந்துவிடும். அதற்கு முன் நடந்தால், அறுவையின் அதிர்ச்சியை உணர்ந்த மூளை, பிட்யூட்டரிக்கு விடும் கட்டளையைத் தளர்த்துகிறது. சூல் முதிர்வது தாமதமாகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. கட்டியைச் சுருக்குவதற்காக அறுவைக்கு முன் ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் இன்னும் சில வாரங்கள் பிந்தலாம்.

முதல் இரண்டு மூன்று மாதவிலக்குகள் ஒரே சீராக இரா. ஒன்று மிகுதியாகவும் வலியுடனும், மற்றொன்று குறைவாகவும் அமையலாம். தைத்த தசை முன்போல் சுருங்கப் பழக வேண்டும். உட்படலம் காயத்தின் மேல் புதிதாகப் படர வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் சுழற்சி நிலைப்படும். அப்போது இரத்தப்போக்கு குறைந்திருப்பதைப் பெரும்பாலோர் உணர்வர்.

உடல் தேறுதல்

வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்கு 4 முதல் 6 வார ஓய்வு வேண்டும். துளை வழி அறுவைக்கு 2 முதல் 4 வாரம். கருப்பை வாய் வழி அறுவைக்குச் சில நாட்களே போதும். மேல்தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்வதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று எண்ணக்கூடாது. கருப்பைச் சுவர் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். எனவே தண்ணீர்க்குடம், அரிசி மூட்டை போன்ற பளுவைத் தூக்கலாகாது. ஆயினும் படுத்தே கிடப்பதும் தவறு. கால் சிரைகளில் இரத்தம் உறையாதிருக்க மெல்ல நடக்க வேண்டும்.

இரத்தசோகை தீர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒருவருக்கு 8 கிராம் உள்ள ஹீமோகுளோபின் 12 கிராமாக உயர வேண்டும் என்க. இது 100 மி.லி. இரத்தத்துக்கான அளவு. உடலில் 4 லிட்டர் இரத்தம் இருந்தால் தேவைப்படும் புதிய ஹீமோகுளோபின் 160 கிராம். ஒரு கிராமுக்கு 3.4 மி.கி. இரும்பு வீதம் 544 மி.கி. வேண்டும். உணவிலிருந்து நாள்தோறும் 1 மி.கி. மிஞ்சினாலும் 544 நாட்கள், அதாவது ஒன்றரை ஆண்டு ஆகும்! மருத்துவர் இரும்பு மாத்திரை தருவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அதைத் தேநீருடன் விழுங்கக்கூடாது. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி உறிஞ்சுதலுக்கு உதவும். ஹீமோகுளோபின் சரியான பின்னும், கரைந்த சேமிப்பு நிரம்ப, மேலும் சில மாதங்கள் மாத்திரையைத் தொடரச் சொல்வர்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைதல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்: இவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்று மாதமாகியும் மாதவிலக்கு வராவிட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும். அரிதாகச் சிலருக்குக் கருப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. புதிய கட்டிகள் பின்னர் தோன்றவும் கூடும் என்பதால், இரத்தப்போக்கு மீண்டும் மிகுந்தால் அதைச் சொல்லத் தயங்கலாகாது.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் இவ்வறுவை நடந்தால், குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவருக்கு எது எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படவில்லை என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிற்காலச் சிகிச்சைக்கு அக்குறிப்பு மிகவும் பயன்படும்.

சிந்தித்து விடை காண்க

1. கருப்பை அகற்றப்பட்டு, சூலகங்கள் இருக்கும் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரக்குமா? காரணம் கூறுக.

2. ஒரு மாதவிலக்கில் 160 மி.லி. இரத்தம் போனால், நாளொன்றுக்கு இரும்பின் மொத்தச் செலவு எவ்வளவு?

3. பெரிய கட்டி உள்ள ஒருவருக்குத் தொல்லை இல்லை. சிறிய கட்டி உள்ள மற்றொருவருக்கு மிகைப்போக்கு. இது எவ்வாறு நேரும்?