உப்பு எங்கே விழ வேண்டும்



தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிய ஆறு புன்னைக்காயலில் கடல் சேருமிடத்துக்கு இருபுறமும், ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி வரை, உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே நடைபெறும் உப்புப் பிரிப்பை நன்கு அறிந்தவருக்கே கழிவுநீர்ப் பொறியியலின் கடினமான சிக்கல் ஒன்று தெளிவாகும்.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கப்படும் உவர்நீர், பாத்திக்குப் பாத்தி நகர நகர வெயிலில் செறிவடைகிறது. செறிவை அளக்கும் போமே மானியில் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை காட்டும். முதலில் கால்சியம் கார்பனேட்டும், 13 பாகையை ஒட்டி ஜிப்சமும் படிந்த பின்னரே, 25 பாகையளவில் சோற்றுப்பு மணி கட்டத் தொடங்கும். 30 பாகைக்கு மேல் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும் என்பதால், நஞ்சோடை எனப்படும் எஞ்சிய நீர் அதற்குள் வடிக்கப்படுகிறது. ஆக, உப்பை வாரும் பலகை பாத்தியில் இறங்கும் முன்னரே பிரிப்பு பெரிதும் முடிந்துவிடுகிறது. ஒவ்வோர் உப்பும் தனக்குரிய பாத்தியில் விழும்படி நீரை நடத்துவதே நுட்பம்.

இந்நுட்பம் கைகூடாதபோது நேர்வதைத் திருப்பூரில் காணலாம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பின், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறை வலுப்பெற்றது. ஆனால் ஆவியாக்கிகளில் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்தே படிந்த உப்பு, பயனின்றி மூட்டைகளாகத் தேங்கியது. செறிந்த நீரைக் குளிர்வித்துச் சல்பேட்டை முதலில் படிகமாக்கினால், அது மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்லும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கடினமான சிக்கல்: கரிமக் கழிவை உயர் வெப்பமும் அழுத்தமும் கொண்ட நீரிலேயே எரிக்கும் கலன், வெயிலும் ஆவியாதலும் இல்லாமலே உப்பு விழும் இடம். 374 பாகை செல்சியசும் 221 பார் அழுத்தமும் நீரின் நிலைமாறு புள்ளி. அதைக் கடந்தால் திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைகிறது. அயனிகளைப் பிரித்துத் தாங்கும் ஆற்றலைக் குறிக்கும் மின்காப்பு மாறிலி, சுமார் 80இலிருந்து 10க்கும் கீழே இறங்கிவிட, எண்ணெயும் ஆக்சிஜனும் அந்நீரில் தடையின்றிக் கலந்து, கரிமக் கழிவு ஒரு நிமிடத்துக்குள் கார்பன் டைஆக்சைடும் நீருமாக எரிந்து தீர்கிறது. உப்புக்கோ நிலைமை தலைகீழ்: அறை வெப்பத்தில் 100 கிராம் நீரில் 36 கிராம் கரையும் சோற்றுப்பு, 450 பாகை, 250 பார் நிலையில் ஒரு கிலோ நீரில் சில நூறு மில்லிகிராமே கரையும். கழிவில் உப்பே இல்லாவிடினும், அதிலுள்ள குளோரின் அமிலமாகி, அதை நடுநிலையாக்கச் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடுடன் கூடி உப்பாகிவிடுகிறது. சோடியம் சல்பேட் இன்னும் கொடியது. நுண்துகளாகப் பிரிந்து சுவரில் ஒட்டிக் குழாயை அடைத்துவிடும், அப்படிவின் அடியிலுள்ள உலோகமும் அரிக்கப்படும்.

அமெரிக்காவில் மைக்கேல் மோடல் 1980இல் தொடங்கிய மோடார் நிறுவனம் கண்ட தீர்வு அழகானது: செங்குத்தான கலனின் மேற்பகுதியில் எரிதல் நிகழ, உப்புத் துகள்கள் எடையால் கீழிறங்கி, நிலைமாறு புள்ளிக்குக் கீழே குளிர்விக்கப்பட்ட அடிப்பகுதி நீரில் மீண்டும் கரைந்து, உவர்நீராக வெளியேறும். அடைப்பைத் தடுக்க முயல்வதைவிட, விழுமிடத்தைத் தீர்மானிப்பதே மேலான வழி என்பதற்கு இக்கலனே சான்று. எனினும் சுவரில் ஒட்டும் துகள்கள் முழுதும் ஒழிவதில்லை. நிக்கல் கலப்புலோகச் சுவரிலிருந்து அரிக்கப்பட்டு வந்த குரோமியமும் அவ்வுவர்நீரில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், அதைப் படிகமாக்கும் முன் சோதித்தறிதல் இன்றியமையாதது.