ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு: ருசி குறையாமல் உணவைச் சீர்படுத்துவது எப்படி?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரியே வீட்டில் சட்டம் மாறிவிடும். மற்றவர்களுக்குச் சோறு, குழம்பு, அப்பளம். அப்பாவுக்கு மட்டும் ரெண்டு காய்ந்த சப்பாத்தி, உப்பு சப்பில்லாத காய். முதல் பத்து நாள் அவரும் பேசாமல் சாப்பிடுவார். அப்புறம் டீக்கடையில் ஒரு வடை, கல்யாண வீட்டில் ரெண்டு ஜாங்கிரி, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கை மிக்சர். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் அளவு அப்படியே நிற்கும். "வாயைக் கட்டுங்கன்னா கேட்டாத்தானே!" என்று வீட்டில் சண்டை வரும்.

இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். ஒருவரை மட்டும் பிரித்து, ருசியில்லாததைக் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? அதனால் இந்தப் பாடம் ஒரு எளிய யோசனையைச் சொல்கிறது. சமையல் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், அளவுகளை மட்டும் வீடு முழுக்க மாற்றுவோம். இதில் மற்றவர்களுக்கும் லாபம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

முதல் வாரம்: போட்டோ மட்டும் எடுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஏழு நாளும் சாப்பிடும் முன் தட்டை உங்கள் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். டீ, பிஸ்கட், சாயங்கால பஜ்ஜி எல்லாம் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து படங்களைப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். தட்டில் சோறு, இட்லி, தோசை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது? காய் எத்தனை வேளை இருக்கிறது? பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எங்கே?

பல வீடுகளில் காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசியே வந்து நிற்கும். காய் ஒரு ஓரத்தில் ஒரு கரண்டி. படத்தில் பார்த்தால் யாரும் யாருக்கும் புத்தி சொல்லத் தேவையிருக்காது.

இரண்டாம் வாரம்: பரிமாறும் வரிசையை மாற்றுங்கள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தினமும் 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது காட்டும் அளவு இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம் (அசைவம் சாப்பிடுவோர் இதில் ஒரு பங்கை முட்டை, மீன், இறைச்சியாக எடுக்கலாம்), கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள், விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். அரிசி, பருப்பு எடையெல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை. இட்லி மாவுக்குப் போட்ட அரிசியும் அந்த 250-க்குள்தான் வரும்.

இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். தட்டில் முதலில் காயை வையுங்கள், பாதித் தட்டு வரும் அளவுக்கு. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குக்குச் சோறு. சாப்பிடும்போதும் பொரியலையும் கூட்டையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போங்கள். அப்படிச் செய்தால் சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

மூன்றாம் வாரம்: ருசியைக் காப்பாற்றுங்கள்

காய் ருசியாக இல்லையென்றால் பாதித் தட்டு காய் என்பது பேச்சோடு போய்விடும். பீன்ஸ், கோஸ், அவரை எதுவானாலும் குழைய வேகவிடாமல், தண்ணீர் தெளித்து மூடி வைத்து வேக வையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்து, கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால் வாசனை தெருவரைக்கும் வரும். சாம்பாரில் காயையும் பருப்பையும் கூட்டினால் அதுவே பாதிக் கூட்டு மாதிரிதான்.

உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், மல்லித்தழை ஆகியவை அந்தக் குறையை மறைக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அப்புறம் பழைய உப்பு கரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்த வேண்டாம். வெங்காயப் பச்சடியைக் கூட்டி, சோற்றைக் குறைத்து, கறியை ரசித்துச் சாப்பிடுங்கள். தீபாவளிக்கு அதிரசமும் உண்டு. நின்றுகொண்டே நாலு வாயில் போடாமல், உட்கார்ந்து ஒன்றை மெதுவாகச் சாப்பிடுங்கள்.

நான்காம் வாரம்: டப்பாவில் தேதி எழுதுங்கள்

தினமும் ஸ்பூன் கணக்குப் பார்ப்பது யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக எண்ணெய் பாக்கெட், உப்பு பாக்கெட் பிரிக்கும் நாளைக் கைபேசியில் குறித்து வையுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மேலே சொன்ன கணக்கில் மாதம் சுமார் மூன்றரை லிட்டர் எண்ணெய் போதும். உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படியானால் ஒரு கிலோ உப்பு நாலு பேருக்கு ஏறக்குறைய 50 நாள் வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் இவற்றில் உள்ள உப்பு தனி. அதனால் பாக்கெட் இன்னும் அதிக நாள் வந்தால்தான் நல்லது.

பாக்கெட் உணவில் எழுத்து பொடியாக இருந்தால் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் அதில் 2 கிராம் உப்பு. ஒரு நாள் கணக்கில் பாதியை நெருங்கிவிட்டது!

ஏமாற்றும் மூன்று எண்ணங்கள்

"வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டால் பரவாயில்லை." இவையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். டீக்கு ரெண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டீ என்றால் எட்டு ஸ்பூன். முதலில் அதைப் பாதியாக்குங்கள்.

"சிறுதானியம்தானே, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்." கேழ்வரகிலும் தினையிலும் நார்ச்சத்து உண்டு, மாவுச்சத்தும் நிறைய உண்டு. அரிசிக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், அரிசியோடு சேர்த்து அல்ல.

"பழச்சாறு உடம்புக்கு நல்லது." பிழிந்து வடிகட்டும்போது நார்ச்சத்து போய்விடுகிறது. கொய்யாவைக் கடித்துத் தின்பதே மேல்.

செலவு கூடுமா?

கவனமாக வாங்கினால் பெரிதாகக் கூடாது. முருங்கைக்கீரை, கொத்தவரை, பூசணி, வாழைத்தண்டு போல அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் உள்ளது. அங்கே விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள். நியாய விலைக் கடையில் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன. பாமாயிலை மட்டுமே நம்பாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

யாரைக் கேட்பது?

30 வயது கடந்த எல்லாரும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். மேலே சொன்ன பருப்பு, பழ அளவுகளும் அவர்களுக்கு மாறும். சாப்பாடு சீரானது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு தட்டைப் படம் எடுத்து, முதல் வாரப் படத்தோடு வைத்துப் பாருங்கள். அந்தத் தட்டு அப்பாவுடையதா, பிள்ளையுடையதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் வீடு சரியான வழியில் போகிறது.