மலத்தில் இரத்தக் கீற்று: ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கைக்குழந்தையின் மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் கண்ட பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது, “ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?” என்பதே. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள், குழந்தைக்குப் பாக்கெட் பாலோ மாவுப்பாலோ தொடங்கும்போது இக்கேள்வி எழக்கூடும். இதற்கான விடையை இங்கே விளக்குகிறோம்.

பசும்பாலின் புரதத்தைக் குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றல் பகையாகக் கருதுவதே பால் ஒவ்வாமை. பாலிலுள்ள சர்க்கரை செரியாமை என்பது வேறு. தாய் உண்ணும் பால், தயிர் ஆகியவற்றின் புரதம் தாய்ப்பாலில் சிறிதளவு கலப்பதால், தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைக்கும் இது வரலாம். இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் நன்கு பால் குடித்து, எடை கூடி, முகமலர்ச்சியுடனேயே இருப்பர்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. குடற்சுவர் தடித்திருப்பதையும் அதில் இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதையும் அது காட்டக்கூடும். ஆனால் கிருமித்தொற்றிலும் இதே தோற்றம் உண்டு. ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் ஒவ்வாமை இல்லை என்று கூற இயலாது.

எனினும், அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடிய வேறு நோய்களை அறியப் படங்கள் இன்றியமையாதவை. சட்டைக்கை உள்மடங்குவதுபோல் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைவது குடல் செருகல். ஸ்கேனில் அது வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். குடல் முறுக்கு, குடல் அடைப்பு ஆகியவற்றை அறிய எக்ஸ்-ரேயும் உதவும்.

ஒவ்வாமையை உறுதிசெய்வது உணவுச் சோதனையே. மருத்துவர் கூறியபடி 2 முதல் 4 வாரங்கள் பால்பொருள்களை நீக்கி, இரத்தம் நின்றபின் மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். முன்பு கடும் வாந்தியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டிருந்தால், மருத்துவமனையில் வைத்தே அதைச் செய்ய வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாய் பால், தயிர், மோர், நெய், பால் கலந்த பிஸ்கட் ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றை உண்ணலாம். மாத்திரை தேவையா என மருத்துவர் கூறுவார். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகா. அவற்றின் புரதமும் ஏறத்தாழ அதுவே. மலத்தில் இரத்தம் மட்டுமே காணும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 1 வயதில் பால் ஒத்துக்கொள்ளும்.

பச்சை நிற வாந்தி, வயிறு உப்புதல், விட்டுவிட்டுக் கால்களை மடக்கி வீறிட்டு அழுதல், சிவந்த கூழ் போன்ற மலம், துவண்டு கிடத்தல், முகம் வீங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தொக்கம் எடுப்பதிலோ ஷிப்டு முடியக் காத்திருப்பதிலோ நேரத்தைக் கழிக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையோ, எது விரைவில் எட்டுமோ அங்கே செல்லுங்கள். குடல் செருகலை விரைந்து கண்டறிந்தால், பல குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியே காற்றோ நீரோ செலுத்தி, அறுவையின்றியே சரிசெய்ய இயலும்.