குட்டி கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர்?

ஊட்டிக் குளிரில் எந்த பிராசஸரையும் சின்ன கேபினட்டில் போடலாம் என்று நினைக்காதீர்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் தள்ளும் காற்று அந்த அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோகாது. 65 வாட் ரகமே போதும். ரைசன் 5 5600ஜி நல்ல தேர்வு: கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம், இடமும் மிச்சம். இன்டெலில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் கிராபிக்ஸ் கிடையாது. ஐ5 12400-இல் 65 வாட் என்று போட்டிருந்தாலும் வேலை கூடினால் 117 வாட் வரை இழுக்கும். பயாஸில் வரம்பு வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் எஸ்டேட் வீடுகளில், வாட் குறைந்தால் யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். கூலரின் உயரம் கேபினட்டுக்குள் அடங்குமா என்று அளந்த பிறகே பணம் கொடுங்கள்.