எலுமிச்சைப் புல்: மழையைப் பார்த்து மட்டும் நடலாமா?



கோத்தகிரி, குன்னூர் பக்கம் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போகும்போது எலுமிச்சைப் புல் பற்றி ஒரே கேள்விதான் அதிகம் வருகிறது. "ஐப்பசி மழை நல்லா பெய்யுதே, அப்பவே நட்டுடலாமா?" கேள்வி நியாயம்தான். நீலகிரியின் கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியமான மழை. ஆனால் இந்தப் புல்லுக்கு மழையோடு பனியையும் சேர்த்துப் பார்க்கணும்.

எலுமிச்சைப் புல் சூடான ஊர்ப் பயிர். உறைபனி பட்டால் இலை கருகி வைக்கோல் மாதிரி ஆகிவிடும். தூர் பெருத்து வேர் ஆழமாகப் பிடித்த செடி என்றால், மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்க வாய்ப்பு உண்டு. நட்டு ஒன்றரை மாதமே ஆன கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. நம் மலையில் நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழலாம். டிசம்பர், ஜனவரியில் அதிகம். ஒரு அக்கா 5,000 ரூபாய் உள்கடன் வாங்கி ஐப்பசியில் நட்டார் என்று வையுங்கள். தை மாதம் கன்று கருகிக் கிடக்கும், தவணை மட்டும் தவறாமல் வரும்.

அதனால் உறைபனி விழும் ஊரில் மே, ஜூன் மாதம்தான் சரி. கோடை மழை ஈரத்தில் நட்டு, மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால், பனிக்கு முன் ஐந்து, ஆறு மாதம் கிடைக்கும். கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம்தான்; அங்கே பனி பயம் குறைவு, தண்ணீர் தேங்கி அழுகுவதுதான் பயம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே வளர்ச்சியே மெதுவாக இருக்கும். தைலம் காய்ச்சி விற்கும் கணக்குப் போட்டு ஊட்டிப் பக்கம் பெரிய கடன் எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. டீக்குப் போட வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் விற்பனைக்கும் என்றால் வைக்கலாம்.

ஒரே ஊரிலும் எல்லா நிலமும் ஒன்றல்ல. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடை ஓரத்தில் புல் வெள்ளையாக இருக்கும்போது, மேட்டில் வெறும் நீர்ப்பனியோடு போகிறது. காலை வெயில் விழும் சரிவும், வீட்டுச் சுவர் ஓரமும் கன்றுக்கு நல்லது. பள்ளத்து நிலத்தைப் பனி தாங்கும் வேறு பயிருக்கு விட்டுவிடலாம்.

எது எந்த இடம் என்று தெரியணும்னா, நடுவதற்கு முந்தின மார்கழியிலேயே பார்க்கணும். இரவில் ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நட நினைக்கும் இடத்தில் தரையில் வையுங்கள். விடியற்காலை தண்ணீர் உறைந்ததா, புல் வெளுத்ததா என்று தேதியோடு எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் காலண்டரில் கோடு போடச் சொல்லலாம். இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நடும்போது இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, தூரைப் பிரித்து, ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளியில் வையுங்கள். பனி நெருங்கும்போது அறுக்காதீர்கள்; இளந்துளிர்தான் முதலில் கருகும். கருகிய இலையையும் உடனே வெட்டாமல் விடுங்கள், அது தூருக்குப் போர்வை. மார்ச் மாதம் வெட்டினால் போதும். தரையில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடலாம்.

எவ்வளவு பத்திரமாகப் பார்த்தாலும், இரண்டு தூரைச் சாக்கில் மண் போட்டு வைத்து, பனிக்காலத்தில் அடுப்படிச் சுவர் ஓரம் கூரைக்குக் கீழே எடுத்துவிடுங்கள். வெளியே உள்ளது போனாலும் அடுத்த மே மாதம் கன்றுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.