ஏற்றுமதி மெயில் எழுதும் தங்கைக்கு



ஆம்பூரில் ஷூ கம்பெனியின் மெர்ச்சன்டைசிங் பிரிவில் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். 'டூ தி நீட்ஃபுல்' என்று எழுதியதற்காக எல்லார் முன்னாலும் திருத்தினார்கள், அன்றிலிருந்து மெயில் எழுதவே கை நடுங்குகிறது என்கிறாய். முதலில் அந்தக் கூச்சத்தை விடு. அது வெள்ளைக்காரர்களே தங்கள் அலுவலகங்களில் எழுதிவந்த தொடர். அவர்கள் கைவிட்டார்கள், நம் ஃபைல்களில் தங்கிவிட்டது. 'ப்ரீபோன்', 'ட்ரெயிலிங் மெயில்' போன்றவற்றுக்கும் கூச்சப்பட வேண்டாம். படிப்பவர் ஒரு கணம் நின்றாலும் புரிந்துகொள்வார். பேச்சில் வரும் 'பேஸிக்கலி', 'ஆக்சுவலி'யையும் பெரிதுபடுத்தாதே, பழகப் பழகக் குறைந்துவிடும்.

'ரிவர்ட்' ஒன்றை மட்டும் இன்றே நிறுத்து. நமக்கு அது 'பதில் போடு'. இங்கிலாந்துக்காரருக்கோ 'பழைய நிலைக்கே திரும்பு'. இரண்டாம் சாம்பிள் அனுப்பிவிட்டு 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று முடித்தால், முதல் சாம்பிளுக்கே போகச் சொல்கிறாயோ என்று அவர் குழம்ப இடமிருக்கிறது. 'ரிப்ளை' என்ற எளிய சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு?

நான் உண்மையில் கவலைப்படுவது இலக்கணப் பிழையே இல்லாத சொற்களைப் பற்றி. 'ஷார்ட்லி', 'அண்டர் ப்ராசஸ்', 'ஆல்மோஸ்ட் ரெடி', 'வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்'. நம் ஊரில் 'பாக்கலாம்மா' என்று மேஸ்திரி சொன்னால் முடியாது என்று உனக்குப் புரியும். முகம் முறியாமல் மறுக்க நமக்கு அந்த வார்த்தை வேண்டும். அதையே 'வில் ட்ரை' என்று ஜெர்மனியின் பிர்மாசென்ஸில் இருக்கும் பையருக்கு அனுப்பினால், அவர் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தன் கடைக்காரர்களுக்குத் தேதி சொல்லிவிடுவார். ஜெர்மன் பையர்களுக்குக் கெட்ட செய்தி பிரச்சினையில்லை, அது தாமதமாக வருவதுதான் பிரச்சினை. 'லைனிங் தோல் இன்னும் ஃபினிஷிங்கிலிருந்து வரவில்லை, வியாழக்கிழமை வரும், கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போகும்' என்று எழுது. ஆங்கிலம் முரடாக இருந்தாலும் பரவாயில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து 'ஃப்ரீ' என்ற ஒட்டில் இருக்கிறது. 'குரோம் ஃப்ரீ', 'குரோம் சிக்ஸ் ஃப்ரீ' இரண்டையும் ஒன்றாகவே எழுதும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. நம் ஷூக்களின் அப்பர் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்ட வெட் ப்ளூவிலிருந்து வருவது. அதிலிருப்பது மூன்றாம் வகைக் குரோமியம். கொழுப்பெண்ணெய்த் தேர்வு சரியில்லாவிட்டாலோ, கோடவுனில் சூடு ஏறினாலோ அதில் சிறிதளவு ஆறாம் வகையாக மாறலாம். அதைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் கட்டுப்படுத்துகிறது. உடலில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. 'குரோம் சிக்ஸ் ஃப்ரீ' என்று சொல்லும்போது நீ பேசுவது இதை. 'குரோம் ஃப்ரீ' என்றாலோ, உலர் எடையில் மொத்தக் குரோமியமே 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெட் ப்ளூ தோல் ஒருநாளும் அந்த வரம்புக்குள் வராது. நடுவிலிருந்து ஒரே ஒரு சொல்லை விட்டதில் உன் முதலாளி பொய் சொன்னவராகிவிடுவார். கையில் ஐ.எஸ்.ஓ. 17075 சோதனை அறிக்கை இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் எழுது, 'ஃப்ரீ' என்ற சொல்லே வேண்டாம்.

'வீகன் லெதர்' பற்றிக் கேட்டிருந்தாய். பெரும்பாலும் அது பாலியூரிதேனோ பி.வி.சி.யோ பூசிய துணி. அதை லெதர் என்றழைப்பதை இத்தாலி 2020இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. உங்கள் கம்பெனி அந்தச் சரக்கில் ஷூ தைத்தால் தைக்கட்டும், ஆர்டர் ஷீட்டில் 'பி.யூ. கோட்டட்' என்று இருக்க வேண்டும். 'வெஜ் டேன்' என்பதையும் இதோடு குழப்பாதே. அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட அசல் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் நம் பெரியவர்கள் செய்த வேலையின் வழிவந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

கடைசியாக 'சஸ்டெய்னபிள்'. எல்லா நாட்டுக்காரரும் இன்று இந்தச் சொல்லை வாரி இறைக்கிறார்கள். பாலாற்றங்கரையிலிருந்து எழுதும் நாம் அப்படிச் செய்ய முடியாது. நீடித்த வளர்ச்சி என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் ஊன்றியதே நம் டேனரிக் கழிவுநீர் வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. டேனரிப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. உப்புக் கரித்த கிணற்றைப் பார்த்த விவசாயி இங்கே உயிரோடு இருக்கிறார், அவர் பிள்ளை உன் பக்கத்து டேபிளில் வேலை பார்க்கலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை வெளியே விடாத முறையும் உழைப்பாலும் பெருஞ்செலவாலும் வந்தவை. அவற்றைப் பற்றிப் பெருமையாகவே எழுது, ஆனால் உன் தோல் எந்த டேனரியிலிருந்து வருகிறது, அதன் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் பிடித்தது என்று கேட்டு எழுது. கேட்டால் எரிச்சல்படுவார்கள். இருந்தாலும் கேள்.

இதற்கு ஒரு கெடுவும் இருக்கிறது. ஆதாரமில்லாமல் 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'க்ரீன்' என்று பொதுவாகச் சொல்லி விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துவிட்டது. 2024/825 என்ற அந்த ஆணை 2026 செப்டம்பர் 27 முதல் அமலுக்கு வருகிறது. உங்கள் ஹேங் டேக், ஸ்வாட்ச் கார்டு, பெட்டி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பி, இந்தச் சொற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்டு மேனேஜரிடம் கொடு. அச்சுக்குப் போகும் அடுத்த ஆர்டருக்கு முன்பே கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்