குழந்தைக்கு வயிற்று வலி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குழந்தைகளுக்கு வரும் வயிற்று வலி பெரும்பாலும் மலச்சிக்கல், அஜீரணம், வயிற்றுப்போக்கு என்று ஓரிரு நாளில் அடங்கிவிடும். சில வலிகளுக்கு மட்டும் அறுவை சிகிச்சை மருத்துவர் தேவை. அவற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நோயின் பெயரைப் பெற்றோர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

• வாந்தியின் நிறத்தைப் பாருங்கள். கைக்குழந்தை திரிந்த பாலைக் கக்குவது சாதாரணம். பச்சையாக வாந்தி எடுத்தால் அது சாதாரணமல்ல. "பித்தம், தெளிஞ்சிடும்" என்று விட்டுவிடாதீர்கள். கருவிலேயே குடல் சரியான இடத்தில் அமையாத குழந்தைகளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டு, தனக்கு வரும் ரத்தத்தைத் தானே அடைத்துவிடும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். வாந்தி பட்ட துணியை அலசாதீர்கள். அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது.

• அழுகை விட்டு விட்டு வருகிறதா என்று கவனியுங்கள். நன்றாக விளையாடிய எட்டு மாதக் குழந்தை திடீரென்று வீறிடும், இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கும், முகம் வெளுக்கும். சில நிமிடங்களில் அழுகை நின்று, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். கால் மணி, அரை மணி கழித்து மறுபடியும் அதே அலறல். நேரம் போகப் போக, நடுவில் விளையாடாமல் துவண்டு கிடக்கும். இது குடல் செருகல். சட்டைக் கையை உள்ளே இழுத்துவிட்டதுபோல், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்கிறது. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை அதிகம் வரும். ரத்தமும் சளியும் கலந்த மலம் தாமதமாகத்தான் வரும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஸ்கேனில் உறுதியானதும், ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்திக் குடலை விடுவிப்பார்கள். சீக்கிரம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கத்தி வைக்கவே வேண்டியிருக்காது. ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குத் திரும்பவும் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

• பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில், குடித்த பாலை எல்லாம் பீய்ச்சி அடித்துவிட்டு உடனே மறுபடியும் பசிக்கு அழுகிறதா? எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து அடைபட்டிருக்கலாம். சிறிய ஆபரேஷனில் முழுமையாகச் சரியாகிவிடும்.

• பெரிய குழந்தையை ஒரு காலில் குதிக்கச் சொல்லுங்கள். குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி இருக்கும். பிறகு வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும். சாப்பாடு பிடிக்காது, வாந்தி, காய்ச்சல் வரும். குனிந்தபடி நடக்கும் பிள்ளை, குதிக்க மாட்டேன் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

• ஆடையைக் கழற்றிப் பாருங்கள். பையன்கள் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வார்கள். விதை முறுக்கிக்கொண்டால் அதைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• குடல் தட்டாதீர்கள், உரம் எடுக்காதீர்கள். அழுகையின் வித்தியாசத்தை வீட்டில் முதலில் கண்டுகொள்பவர் பாட்டியாகத்தான் இருப்பார். அந்த அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் செருகிய குடலையும் முறுக்கிய குடலையும் வெளியிலிருந்து தட்டியோ, எண்ணெய் போட்டு நீவியோ, தலைகீழாகப் பிடித்தோ சரிசெய்ய முடியாது. வீங்கிய குடலுக்குக் காயம்தான் மிஞ்சும். சூடு வைப்பது கொடுமை. வேறு சொல் இல்லை.

• விளக்கெண்ணெய், பேதி மருந்து, வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, வீட்டு எனிமா எதுவும் வேண்டாம். குடல்வால் அழற்சி இருந்தால் பேதி மருந்து அதை வெடிக்கச் செய்யலாம்.

• மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை பால், கஞ்சி, கிரைப் வாட்டர் எதுவும் தராதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். கடைசியாக எப்போது என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

• கடுமையாக இருந்த வலி சட்டென்று நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். குடல்வால் வெடித்த சிறிது நேரம் அப்படித்தான் இருக்கும். பிறகு வயிறு முழுக்கச் சீழ் பரவும். ஐந்து வயதுக்குக் கீழ் இது அதிகம் நடக்கிறது, அந்த வயதில் வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாததால்.

• தொப்புள் புடைப்பின் மேல் காசு வைத்துக் கட்டாதீர்கள். பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். காசு தோலைப் புண்ணாக்கும். ஆனால் தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் தானாகச் சரியாகாது. "வளரட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் வயதில்தான் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தி எடுத்தால் நீங்களே அமுக்காதீர்கள்.

• ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் தேடி நேரம் போக்காதீர்கள். அவற்றைப் பிறகு ஒருவர் எடுத்து வரலாம். 108-ஐ அழைத்து, குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையைக் கேளுங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.